காலை பத்து மணிக்கு உங்கள் கை என்ன செய்யும்?

எனக்குக் கதைக்க வராது. எழுதவும் பெரிதாக வராது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இரண்டில் எழுத்துத்தான் பரவாயில்லை. எழுதும்போது எதிரில் ஒருவரும் இருந்து என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவேண்டி வந்தால் என் வாயில் வருகிற ஒரே சொல் "தேத்தண்ணி". யாராவது கேள்வி கேட்டால் "தேத்தண்ணி..." என்று இழுத்துக்கொண்டு தேநீர் போடுகிற குசினிக்குள் போய்விடுவேன். இருபத்தாறு வருடம் இப்படியே ஓட்டினேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, நைலோன் கயிறு விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்த விசா அலுவலகத்தில் எனக்கு வேலை. கூட்டுவது, தேநீர் போடுவது, விண்ணப்பத் தாள்களைக் கோவையாகத் தைப்பது. போன வருடம் ஓய்வு எடுத்துக்கொண்டு கப்பல்துறைக் கிராமத்தில் வீட்டோடு இருக்கிறேன்.

முதலாளி காலமானபிறகு அலுவலகத்தை நடத்துவது அவருடைய மகள் சாந்தி. போன மாதம் தொலைபேசி எடுத்தா.

"பூமணியக்கா, இப்ப எல்லாம் போனிலதான். ஆக்கள் கேள்விகளுக்குப் பதில் அமத்தினா எந்த விசா எண்டு அதுவே சொல்லும். இண்டைக்கு ஒருத்தர் அமத்தினவர், வெளிநாட்டில ஆலோசனைத் தொழில் தொடங்கப் போறாராம். அது அவருக்கு மூண்டு விசா சொல்லியிருக்கு. மூண்டில எது எண்டு கேட்டு என்னட்ட வந்து நிக்கிறார். அப்பா எப்பிடியக்கா கண்டுபிடிச்சவர்?"

"தேத்தண்ணி..." என்றேன். தொலைபேசியில்!

சாந்தி சிரித்துவிட்டு, "சரி, கதைக்க வெக்கமெண்டா எழுதித் தாங்கோ. ரைப் பண்ணுறது என்ர வேலை" என்றா. அதுதான் எழுதுகிறேன்.

முதலாளியை எல்லாரும் மார்க்கண்டு சேர் என்போம். நீதிமன்றத்தில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரிடம் போவதற்கு முன்பு மீன்வாடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவள். ஊசி பிடித்த கை என்று தெரிந்ததும் கோவைகளைத் தைக்கத் தந்தார். தாள்கள் கழன்று தொலைவது அவருக்குப் பிடிக்காது. நான் தைத்த கோவையைப் பிரிக்க அவருக்கே கத்தி வேண்டியிருந்தது. அன்றோடு என் பயிற்சி முடிந்தது.

எனக்கு ஆங்கிலம் வாசிக்க ஏலாது. அதனால் ஒரு கோவை எந்த விசாவுக்கு என்று தெரிய நாடாவின் நிறத்தை மாற்றிக் கட்டினேன். வெளிநாட்டில் ஒரு முதலாளி கூப்பிட்டு அவருடைய பொறுப்பில் போகிறவர்களுக்குச் சிவப்பு நாடா. சம்பளம் உறுதி, ஆனால் அவர் சொன்ன வேலையை விட்டு அங்கே இங்கே பார்க்கக்கூடாது. ஒருவருக்குக் கீழும் நில்லாமல் தனி ஆளாக ஆலோசனை சொல்லிப் பிழைக்கப் போகிறவர்களுக்குப் பச்சை. இது கெதியில் கிடைக்கும், ஆனால் வாய் வேலை மட்டும்தான், கருவியைத் தொட்டால் குற்றம். மூன்றாவது நீலம். அங்கேயே கம்பனி ஒன்றைப் பதிந்து, அதன் பெயரில் விசா எடுப்பது. கம்பனியின் உரிமப் பத்திரத்தில் என்னென்ன தொழில் எழுதியிருக்கிறதோ அவ்வளவும் செய்யலாம். ஆனால் கடைக்கு இடம் காட்ட வேண்டும், அந்த ஊர்க் கூட்டாளி வேண்டும், ஒவ்வொரு தாளுக்கும் முத்திரை வேண்டும். மாதக்கணக்கில் இழுபடும்.

ஒரு நாள் சேர் இந்த நாடாக்களைக் கண்டுவிட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அவரும் "இந்த ஆளுக்குச் சிவப்பு", "அந்தத் தம்பிக்குப் பச்சை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

வந்த ஆட்கள் விசாவின் பெயரைச் சொல்ல அவர் விடமாட்டார். வாய் எடுக்கும்போதே கையைக் காட்டி நிறுத்துவார்.

"பேர் வேண்டாம். அங்க போய் இறங்கி முதல் திங்கட்கிழமை, காலமை பத்து மணி எண்டு வையுங்கோ. அந்த நேரம் உங்கட கை என்ன செய்துகொண்டிருக்கும்? அதைச் சொல்லுங்கோ."

இந்த ஒரு கேள்வியில்தான் அவருடைய தொழிலே இருந்தது. குச்சவெளியிலிருந்து வந்த ஒரு தம்பி, கம்பியூட்டர் ஆலோசனைக் கம்பனி திறக்கப்போகிறேன் என்று கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். சேர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். தம்பி கொஞ்சம் யோசித்து, "பத்து மணிக்கு நித்திரையா இருப்பன், சேர்" என்றார், உண்மையான பிள்ளை. "சிவப்பு. உங்களை எழுப்ப ஒரு முதலாளி வேணும்" என்றார் சேர். அந்தத் தம்பி இப்போதும் அதே முதலாளியிடம்தான் இருக்கிறார், நல்லாயிருக்கிறார்.

புதன்கிழமைகளில் ஒத்திகை. தூதரகத்தில் கேள்வி கேட்பதுபோல சேர் கேட்பார், ஆள் பதில் சொல்ல வேண்டும். அதற்கென்று நீதிமன்றக் காலத்துக் கறுப்புக் கோட் ஒன்று வைத்திருந்தார். பூச்சி உருண்டை மணக்கும். அதைப் போட்டுவிட்டால் ஆளே வேறு. எழுத்துத் தமிழில்தான் பேச்சு. என்னையும் தெரியாது. ஒருமுறை தேநீர் கொண்டுபோக, "யார் நீங்கள்? உள்ளே வர அனுமதி பெற்றீர்களா?" என்று கேட்டார். நான் தட்டோடு திரும்பிவிட்டேன். ஒத்திகை முடிந்து கோட்டைக் கழற்றியதும் வந்து, "பூமணி, இண்டைக்கு ஏன் தேத்தண்ணி தரேல்ல?" என்றார்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஏழெட்டு வருடங்களுக்கு முன் இறக்கக்கண்டியிலிருந்து ஹனீபா நானா வந்தார், முஸ்லிம் அண்ணர்களை நாங்கள் நானா என்போம். பைபர் வள்ளம் பழுது பார்ப்பவர். முன்பு ஒரு அரபு நாட்டில் பத்து வருடம் வள்ளப் பட்டறையில் கூலிக்கு நின்றவர். அங்கத்தைய வள்ளக்காரர் அவரை மறக்கவில்லை. ஒரு வள்ளத்துக்குள் தண்ணீர் வந்தால் போனில் படம் காட்டி, அடிப்பக்கத்தைத் தட்டிக் காட்டுவார்கள். நானா இங்கே கடற்கரையில் இருந்தபடி சத்தத்தைக் கேட்டு, "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தட்டு. ஆ, அதுதான்" என்பார். அந்த இடத்தில்தான் வெடிப்பு இருக்குமாம். கடைசியில் அவர்களே, "இங்கே வந்து இதையே தொழிலாகச் செய்" என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"வங்கியில இரிக்கிற என்ட மருமகன் சொன்னான் சேர், இதுக்குப் பேர் ஆலோசனைத் தொழிலாம். அதுக்கெண்டு தனி விசா ஒண்டு இரிக்காமே, கெதியாக் கிடைக்குமாம்" என்றார்.

"பேர் வேண்டாம்" என்று கையைக் காட்டினார் சேர். "திங்கட்கிழமை காலமை பத்து மணி. உங்கட கை என்ன செய்யும்?"

மருமகன் நன்றாகப் பழக்கி அனுப்பியிருந்தான்.

"கதிரையில இருந்து கதைச்சிட்டிரிப்பன், சேர். கை ரெண்டும் தேத்தண்ணிக் கோப்பையில இரிக்கும்."

சேருக்கு இப்படி ஒரு பதில் முன்னொருநாளும் கிடைத்ததில்லை. சந்தோசத்தில் பென்சிலை மேசையில் தட்டினார். "பூமணி, பச்சை எடுத்துக் கட்டு."

நானும் கட்டினேன்.

சேருடைய கண் எப்போதும் தாளில்தான், ஆட்கள் பக்கம் போகாது. என் கண் வேறு இடத்தில் நிற்கும். முகத்தைப் பார்க்க வெட்கம் என்பதால் நான் எல்லாருடைய கையைத்தான் பார்ப்பேன்.

நானா முதல்நாள் கை கழுவப் போனவர் திரும்பி வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவர் போனபிறகு பார்த்தால், இரண்டு வருடமாகச் சொட்டிய குழாய் சொட்டவில்லை. இரண்டாம் தரம் வந்தபோது சேர் கீழே கடைக்காரரோடு கதைத்துவிட்டு வருவதற்குள் மேசையில் ஏறி நின்று மின்விசிறியின் டிக் டிக் சத்தத்தை நிறுத்தினார். மூன்றாம் தரம் இரும்பு அலுமாரி. அதைத் திறப்பதென்றால் நான் காலால் ஒரு உதை விடவேண்டும், வருடக்கணக்காக அப்படித்தான். நானா பூட்டை ஒரு தடவு தடவினார். அடுத்தநாள் பழக்கத்தில் உதைத்தேன், கதவு பறந்து வந்து என் நெற்றியில் அடித்தது.

சேர் ஒன்றையும் கவனிக்கவில்லை. "பூமணி, ஆரோ பேன்காரனைக் கூப்பிட்டிருக்கிறாய் போல, நல்லது" என்றார்.

கோவையில் நான் கட்டிய பச்சை நாடாவைப் பார்த்தேன். இந்த மனுசன் பச்சையில் போகப்போகிறார். அங்கே ஒரு வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று "இங்கே வெடிப்பு, அங்கே ஒட்டு" என்று வாயால் சொல்லிக்கொண்டு சும்மா நிற்பாரா? ஒரு பரிசோதகர் வந்து இவருடைய கையில் உளியைக் கண்டால் அனுமதி போய்விடும், ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், திரும்ப அந்த நாட்டில் கால் வைக்க ஏலாது. நானாவுக்கு முழங்கால் பழுது, கடலுக்குப் போகிற காலம் முடிந்துவிட்டது. படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். "இதுதான் அக்கா எனக்குக் கடைசி வாசல்" என்று தேநீர் குடிக்கும்போது என்னிடமே சொல்லியிருந்தார்.

சேரிடம் சொல்லத்தான் வேண்டும். போனேன்.

"சேர்..."

"என்ன பூமணி?"

"தேத்தண்ணி..."

"இப்பதானே குடிச்சனான்."

திரும்பி வந்தேன். பின்னேரம் மறுபடி போனேன். மறுபடி தேத்தண்ணி. அன்று சேர் ஐந்து கோப்பை குடித்தார் பாவம். அடுத்தநாள், "பூமணி, எனக்குச் சீனி வருத்தம் வரவேணுமெண்டு கோயிலுக்கு நேத்தி வச்சிருக்கிறியோ?" என்று கேட்டார்.

அடுத்து வந்த புதன்கிழமை நானாவுக்கு ஒத்திகை. இனிச் சொல்லப்போவதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அன்று காலை ஒருவரும் வரமுன்பே போய், ஆட்கள் இருக்கிற கதிரையின் வலதுகைப் பக்கத் திருகாணியை, நூல் வெட்டுகிற கத்தரிக்கோலின் நுனியால் இரண்டரைச் சுற்றுக் கழற்றிவிட்டேன். கை வைத்தால் ஆடும், விழாது. அவ்வளவுதான். வாயால் சொல்ல ஏலாதவள் வேறு என்ன செய்கிறது?

நானா புதுச் சட்டையோடு வந்து அமர்ந்தார். சேர் கோட்டைப் போட்டார். நான் மூலையில் கோவை தைப்பதுபோல இருந்தேன்.

"உங்கள் தொழில் யாது?"

"ஆலோசனை, சேர்." நானா கதிரைக் கையில் கையை ஊன்றினார். அது ஆடியது. நானாவின் விரல் ஒன்று மெல்லக் கீழே போய்த் திருகாணியைத் தேடியது.

"படகுகளைப் பழுது பார்ப்பீர்களா?"

"இல்ல சேர். பழுது எங்க எண்டு வாயால மட்டும் சொல்லுவன்." இப்போது நாலு விரலும் கீழே.

"கருவி எதையாவது கையால் தொடுவீர்களா?"

"தொடவே மாட்டன் சேர், அல்லா அறிய." சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயக்குத்தி ஒன்று வெளியே வந்தது.

சேர் தாளைப் பார்த்தபடி அடுத்த கேள்வியை வாசித்தார். "உங்கள் ஆலோசனையை ஏற்று வேறொருவர் வேலை செய்யும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்?"

பதில் வந்தது. ஆனால் வழக்கமான உயரத்திலிருந்து வரவில்லை. சேர் தலையை நிமிர்த்தினார். கதிரையில் ஆள் இல்லை.

"எங்கே நீங்கள்?"

"இஞ்சதான் சேர், கீழ. நீங்க கேளுங்க, நான் சொல்லுறன்."

"கீழே என்ன செய்கிறீர்கள்?"

"ஒண்டுமில்ல சேர். இந்த ஆணி லூசா இரிக்கு. இதில ஆராச்சும் இரிந்து விழுந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

சேர் எழுந்து மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நானா மல்லாந்து படுத்து, பழுதான முழங்காலை நீட்டிக்கொண்டு, குத்தியால் ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தார். புதுச் சட்டை முழுக்கத் தூசி.

சேர் கோட்டைக் கழற்றினார். ஒத்திகையின் நடுவில் அவர் கோட்டைக் கழற்றியதை நான் அதற்கு முன்பும் காணவில்லை, பின்பும் காணவில்லை. தன்னுடைய கதிரையில் அமர்ந்து நெற்றியைத் தடவினார்.

"பூமணி, தேத்தண்ணி."

அந்தச் சொல்லை அவரே சொல்லிவிட்டார். எனக்குச் சொல்ல வேறு சொல்தான் மிச்சம். எழுந்து நின்றேன். காது சுட்டது.

"சேர், குழாயும் இவர்தான். பேனும் இவர்தான். அலுமாரியும் இவர்தான். இவருக்குப் பச்சை சரிவராது, சேர். நீலம்."

சொல்லி முடித்ததும் நானே, நானா முறுக்கிய அந்தக் கதிரையில் அமர்ந்துவிட்டேன். ஆடவில்லை. நல்ல இறுக்கம்.

நானா தரையிலிருந்து எழும்பினார். முகம் சிவந்துவிட்டது.

"என்னக்கா இப்பிடிச் செஞ்சிட்டீங்க? நீலம் எண்டா எத்தினை மாசம்? அங்க கடல் கொந்தளிக்கிற காலத்துலதான் வள்ளங்களைக் கரையில ஏத்திப் பழுது பாக்கிற. அதுக்குள்ள நான் போய்ச் சேராட்டி வேற ஆளைப் பிடிப்பாங்க. என்ட வயித்துல அடிச்சிட்டீங்களே!"

"பூமணியை ஏசாதேங்கோ, ஹனீபா" என்றார் சேர். "பிழை என்ரை. நான் கேட்டது கையை, கேட்டுக்கொண்டிருந்தது வாயை. உள்ளுக்குப் போறதுக்கு எந்த விசாவும் போதும். அங்க நிண்டு பிடிக்கிறதுக்குத்தான் சரியான விசா வேணும்."

நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன். நானா அதைத் தொடாமல் படியிறங்கிப் போனார். கரையோர பஸ் போகிற சத்தம் கேட்டது.

ஒரு கிழமை வரவில்லை. பச்சை நாடா கட்டிய அந்தக் கோவை மேசையில் அப்படியே கிடந்தது. வேறு அலுவலகத்துக்குப் போயிருப்பார், அங்கே பச்சைக்குப் போட்டிருப்பார்கள் என்றுதான் சேரும் நினைத்தார். நான் தைத்த கோவை ஒன்றில் அந்தக் கிழமை தாளெல்லாம் தலைகீழாக இருந்தது. சேர் கண்டும் காணாததுபோலப் பிரித்துத் தந்தார்.

எட்டாம் நாள் நானா வந்தார், கையில் கருவிப் பையோடு.

"சரி சேர், நீலம் எண்டா நீலம்" என்றார். பிறகு என் பக்கம் பார்த்தார். "பொஞ்சாதிட்ட முறையிட்டனக்கா, அந்த விசாக் கந்தோர் அக்கா இப்பிடிச் செஞ்சிட்டா எண்டு. அவ என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், ஒட்டு விட்ட வள்ளம் ஒண்டுக்குப் பக்கத்துல இரித்தி, 'கையைக் கட்டிட்டு பத்து நிமிசம் இரிந்து காட்டுங்க, அதுக்குப் பிறகு அந்த அக்காவை ஏசுங்க' எண்டு சொன்னா."

"எத்தினை நிமிசம் இருந்தனீங்கள்?" என்று சேர் கேட்டார்.

"நாலு."

பச்சையை அவிழ்த்து நீலம் கட்டினேன். உரிமத்துக்கான விண்ணப்பத்தில் சேர் ஒரு முழுக் காலை செலவழித்தார். பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் இரண்டு தொழிலையும் சேர்த்தார்: சிறு படகு பழுது பார்த்தல், அதுபற்றிய ஆலோசனை. பழுது முதலில், ஆலோசனை பிறகு. "கை போற ஒழுங்கில எழுதவேணும்" என்றார். அங்கே வள்ளக்காரர் ஒருவர் கூட்டாளியாகக் கையெழுத்து வைக்க வேண்டும், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு அறை காட்ட வேண்டும், பொலிஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை எல்லாம் வேண்டும். நான் எனக்குத் தெரிந்த மாதிரி, பிறப்புப் பத்திரத்தில் இருந்த ஆங்கில எழுத்தையும் கடவுச்சீட்டில் இருந்ததையும் ஒவ்வொன்றாக, கோலத்தில் புள்ளி பார்ப்பதுபோலப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த மாதங்களில் நானா ஒவ்வொரு தாளோடும் வந்தார். அலுவலகத்தில் ஆடுவது, சொட்டுவது, கிறீச்சிடுவது ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் கீழே கயிற்றுக் கடைக்காரரின் தராசையும் பிரித்துவிட்டார்.

அந்த வருடத்துப் பழுதுக் காலம் தவறித்தான் போனது. ஆனால் அவர்கள் வேறு ஆளைப் பிடிக்கவில்லை. போனில் சத்தம் கேட்டுச் சொல்ல வேறு காது கிடைக்கவில்லையாம்.

போய்ச் சேர்ந்து சில மாதங்களில் சேரின் போனுக்கு நானாவின் குரல் பதிவு ஒன்று வந்தது. சேர் அதை எனக்கு மூன்று தரம் போட்டுக் காட்டினார்.

"சேர், இண்டைக்கு பரிசோதகர் வந்தாங்க. நான் வள்ளத்துக்கு உள்ளுக்க, தோள் வரைக்கும் ரெசின். பேப்பரைக் கேட்டாங்க, காட்டினன். முதல் வரியைப் பாத்தாங்க, என்ட கையைப் பாத்தாங்க, போயிட்டாங்க. பக்கத்துப் பட்டறையில ஆலோசகர் எண்டு வந்த ஒருத்தர் கையில அரத்தோட நிண்டார், அவரைக் கூட்டிட்டுப் போறாங்க. சேர், இண்டைக்கு திங்கட்கிழமை. மணி பத்து."

அதன்பிறகு சேர் எந்த ஆளுக்கும் விசா சொல்லமுன் என் மூலையைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் நாடா, ஆட்டாவிட்டால் இன்னொரு கேள்வி. வாய் திறக்கத் தேவையில்லாத பதவி உயர்வு. எனக்கு அது போதும்.

ஆகவே சாந்தி, உன்னிடம் வந்து நிற்கிற அந்த மனுசனை உடனே அனுப்பிவிடாதே. ஒரு மணித்தியாலம் சும்மா காக்க வை. கையைப் பார்.

இதோடு முடிக்கத்தான் இருந்தேன். ஆனால் முந்தநாள் ஹனீபா நானா விடுமுறையில் வந்து, விசாரித்து விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். தலை நன்றாக நரைத்துவிட்டது. ஈச்சம்பழப் பெட்டி ஒன்றும் நீளமான சின்னப் பொட்டலம் ஒன்றும் தந்தார். பொட்டலத்தைப் பிரித்தேன். மரப்பிடி போட்ட நல்ல ஸ்குரூ டிரைவர்.

"இனிக் கத்தரிக்கோலால கழட்டாதீங்க அக்கா. ஆணித் தலை காயப்படும்."

நான் அதை மேசையில் வைத்துவிட்டேன்.

"குத்தி போட முன்னமே கண்டுட்டன்" என்றார். "ஆணி தானா லூசாகினா தலையில கீறல் வராது. பக்கத்துல கத்தரிக்கோலை மடியில வச்சிட்டு நீங்க ஒருத்தர்தான் இரிந்த."

"கண்டுபோட்டு ஏன் நானா கீழ இறங்கினீங்கள்?" எப்படியோ கேட்டுவிட்டேன்.

இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார், பிள்ளைகளை மற்ற ஆட்களுக்குக் காட்டுவதுபோல.

"எனக்கு விளங்கிச்சி அக்கா. இதுகளுக்கு விளங்கல்லையே."

நான் எழும்பினேன். "தேத்தண்ணி..." என்று குசினிக்குப் போனேன். கோப்பையோடு திரும்பி வந்தபோது கதிரையில் ஆள் இல்லை. வாசல் கதவின் கீலுக்கு முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார், எனக்குத் தந்த ஸ்குரூ டிரைவர் அவருடைய கையில்.

"வரக்குள்ளேயே கேட்டிச்சி அக்கா" என்றார், திரும்பிப் பார்க்காமல். "இந்தக் கதவுட பிணைச்சல் கிறீச்செண்டு அழுவுது."